சார்ஜ் ஏறலையா, தூக்கிப் போடு! - பிரிட்டன் வேப் தடை நமக்குச் சொல்லும் பேட்டரி பாடம்

போன மாசம் புதுசா ஒரு டிரிம்மர் வாங்கினேன். லேப்டாப் சார்ஜர்ல சொருகினா லைட்டே எரியல. 'பீஸ் போச்சு'ன்னு முடிவே பண்ணிட்டேன். பாக்ஸ்ல வந்த குட்டி கேபிளைப் பழைய போன் சார்ஜர்ல மாட்டினதும் சமத்தா சார்ஜ் ஏறுச்சு. இதே குழப்பம்தான் இப்போ பிரிட்டனில் ஒரு சட்டத்துக்கே தலைவலி.

அங்கே 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப்களை விற்கத் தடை. சார்ஜ் போட முடியணும், திரவத்தை நிரப்ப முடியணும், உள்ளே சூடாகும் காயிலை மாத்த முடியணும். இந்த மூணும் இருந்தால்தான் கடையில் வைக்கலாம்.

தடை ஏன் வந்தது?

சின்னப் பசங்க கையில் வேப் புழங்கியது ஒரு காரணம். இன்னொன்று, குப்பை. 2023-ல் வந்த கணக்குப்படி, பிரிட்டனில் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 50 லட்சம் வேப்கள் தூக்கி வீசப்பட்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லித்தியம் பேட்டரி. குப்பை லாரியில் நசுங்கும்போது உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். அந்தத் தீக்குப் பக்கத்தில் நிற்பது வேப் அடிச்சவர் இல்லை, குப்பை அள்ளுறவர்.

இதில் கொடுமை என்னன்னா, அந்த பேட்டரிகள் நல்லா இருந்தவை! லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள், தூக்கிப்போடும் வேப்களில் இருந்த பேட்டரிகளைச் சோதிச்சுப் பார்த்தாங்க. சில பேட்டரிகள் 700 தடவைக்கு மேல் சார்ஜ் போட்ட பிறகும் 90 சதவிகிதத்துக்கு மேல் திறனோடு இருந்தன. ஒரே ஒரு சார்ஜுக்கு அதை வித்திருக்காங்க.

சார்ஜ் பாயின்ட் வெச்சா போதுமா?

சட்டம் வந்ததும், கிட்டத்தட்ட அதே டிசைனில் டைப்-சி பாயின்ட்டும் மாத்துற காயிலும் வெச்ச வேப்கள் கடைக்கு வந்தன. பேப்பர்ல பார்த்தா 'ரீசார்ஜபிள்'. ஆனா, சார்ஜ் போட்டுப் பயன்படுத்தினால்தானே மறுபயன்பாடு?

அங்கேதான் நம்ம டிரிம்மர் கதை. இரண்டு பக்கமும் டைப்-சி இருக்கும் கேபிளில், 'எனக்குக் கரன்ட் கொடு'ன்னு கருவி சார்ஜரிடம் சொல்லணும். அதைச் சொல்ல, உள்ளே ரெண்டு குட்டி ரெசிஸ்டர் வேணும். விலை ரொம்பக் கம்மிதான். ஆனா, மலிவான கருவிகள் பலதில் அதையும் மிச்சம் பிடிச்சுடுறாங்க. அப்போ சார்ஜர் கரன்ட்டே அனுப்பாது. பழைய சதுர முனை கேபிளுக்கு இந்தப் பேச்சுவார்த்தை தேவையில்லை, அதனால ஏறிடும். இது தெரியாதவர் என்ன செய்வார்? 'போச்சு'ன்னு குப்பையில் போடுவார்.

அடுத்து, பேட்டரி சைஸ். போனில் இருப்பது 5,000 எம்.ஏ.ஹெச், சின்ன வேப்களில் 500 சொச்சம்தான். அதுவும் காயிலைச் சூடாக்க ஒரே இழுப்பில் நிறைய கரன்ட் உறிஞ்சும். சார்ஜ் சட்டுனு இறங்கும், பேட்டரியும் சீக்கிரம் களைச்சுப்போகும்.

'ஃபாஸ்ட் சார்ஜர் போட்டா வெடிக்கும்'ங்கிற பயம் பாதிதான் உண்மை. தரமான சார்ஜர், கருவி கேட்காமல் 5 வோல்ட்டுக்கு மேல் தராது. ஆபத்து, பேட்டரி நிறைஞ்சதும் நிறுத்தத் தெரியாத மட்டமான சர்க்யூட்டிலும், பேர் தெரியாத சார்ஜரிலும் இருக்கு.

நமக்கென்ன?

இந்தியாவில் 2019 முதலே இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும். அந்தக் கதவு மூடியாச்சு. நிக்கோடின் அடிமைத்தனத்தை நினைச்சா அது நல்லதும்கூட.

ஆனா அதே மாதிரி குட்டி லித்தியம் பேட்டரி உங்க இயர்பட்ஸ், டிரிம்மர், கழுத்து ஃபேன், பவர் பேங்க் எல்லாத்துலயும் இருக்கே! 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்குது. பேட்டரியில் குறுக்கே கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்கும். 'இதைச் சாதாரணக் குப்பையில் போடாதே'ன்னு அர்த்தம். அதை எத்தனை பேர் கவனிச்சிருக்கோம்?

அதனால...

* சார்ஜ் ஏறலையா? முதலில் கேபிளையும் சார்ஜரையும் மாத்திப் பாருங்க.

* உப்பிப்போச்சா, தொட்டா கொதிக்குதா? சார்ஜ் போடுறதை அதோட நிறுத்திடுங்க.

* மெத்தை, தலையணை மேல வெச்சு சார்ஜ் போட்டுட்டுத் தூங்காதீங்க.

* செத்த கருவியை வீட்டுக் குப்பையோடு கலக்காம, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்க.

பிரிட்டன் கடைகள் பழைய வேப்களைத் திரும்ப வாங்கிக்கணும்னு அங்கே விதி இருக்கு. நம்ம ஊர்ல இயர்பட்ஸ் விற்கும் கடைக்காரரிடம், 'அண்ணா, பழசைத் திரும்ப வாங்கிப்பீங்களா?'ன்னு அடுத்த முறை கேட்டுப் பாருங்களேன். நாளைக்குக் காலையில் உங்க தெருவுக்குக் குப்பை வண்டியோடு வர்ற அக்காவுக்காக!