302 நரம்பணுக்களும் 25 ஏக்கரும்

தமிழ்நாடு தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டத் திருத்த மசோதா 2025 அக்டோபரில் சட்டசபையில் நிறைவேறியபோதும், நாலாபுறமும் கண்டனம் எழவே அதனை மறுபரிசீலனை செய்வதாகச் சில தினங்களுக்குள் அரசு அறிவித்தபோதும், விவாதம் பெரும்பாலும் இட ஒதுக்கீடு, ஆசிரியர்களின் பணிப் பாதுகாப்பு, பல்கலைக்கழகம் தொடங்குவதற்கான நூறு ஏக்கர் நில நிபந்தனை மாநகராட்சி எல்லைக்குள் 25 ஏக்கராகக் குறைந்தது ஆகிய விஷயங்களைச் சுற்றியே நடந்தது. அவை யாவும் முக்கியமானவையே. ஆயினும், அரசு உதவி பெறும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாக உருமாற வழிவிட வேண்டும் என்போர் ஆதாரமாகக் கொள்ளும் ஒரு வாதம், அதாவது காலத்துக்கேற்ற நவீன சாஸ்திரங்களைப் போதிக்கப் பழைய கல்லூரிகளுக்குச் சக்தி இல்லை என்னும் வாதம், போதிய பரிசோதனைக்கு உள்ளாகாமலே தப்பிவிட்டது. அதைப் பரிசோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு நரம்பறிவியலைவிடத் தக்க உரைகல் கிடையாது. பிளஸ் டூ முடிவுகள் வெளியாகி, நீட் தேர்வில் அரசு ஒதுக்கீட்டுக்குரிய மதிப்பெண் எட்டாத பிள்ளை, ‘மூளையைப் பற்றிப் படிக்க வேண்டும், நல்ல கல்லூரி எது?’ என்று கேட்கும் வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது, வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு தனியார் பல்கலைக்கழகக் கையேடு. அதில் நீலமும் சிவப்புமாக ஒளிரும் மூளைப் படம் இருக்கிறது. கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்ற செய்தி இருக்கிறது. ஆண்டுக் கட்டணம், அதுவும் விடுதிச் செலவு நீங்கலாக, லட்சங்களில் இருக்கிறது. ஜவுளிக்கடைச் சிப்பந்தியும் பஸ் நடத்துநரும் நகையை அடகு வைத்து அந்தக் கட்டணத்தைச் செலுத்துகிறார்கள். படிப்பின் பெயரில் ‘நியூரோ’ என்ற எழுத்துகள் இருப்பதால் படிப்பும் இருக்கும் என்று நம்புகிறார்கள்.

இக்குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லாத உண்மை ஒன்று உண்டு. மூளையைப் பயில முதற்பட்டத்தின் பெயரில் மூளை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமானாலும், பெங்களூரின் நிம்ஹான்ஸ் ஆனாலும், இந்திய அறிவியல் கழகத்தில் 2009இல் தொடங்கிய நரம்பறிவியல் மையமானாலும், ஆராய்ச்சிக்கு வரும் மாணவரிடம் அவை தேடுவது பௌதிகம், ரசாயனம், விலங்கியல், உளவியல், கணிதம், பொறியியல் என ஏதேனும் ஓர் அடிப்படைத் துறையில் ஊன்றிய பயிற்சியைத்தான். பி.எஸ்ஸி. முடித்தவர் ஜாம் தேர்வோ ஜேகீபில்ஸ் தேர்வோ எழுதி ஒருங்கிணைந்த முனைவர் படிப்பில் நுழையலாம், எம்.எஸ்ஸி. முடித்தவர் நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி பெற்றால், மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை பெற்றுக்கொண்டே படிக்கலாம். ஆக, மேற்படிப்பில் அரசே பணம் கொடுத்துப் படிக்க வைக்கும் ஒரு சாஸ்திரத்தின் வாசற்படியில், முதல் மூன்று ஆண்டுகளுக்காக ஒரு குடும்பம் கடனாளியாவது அவசியமற்ற கொடுமை.

அப்படியானால் நல்ல கல்லூரி எது? மாணவன் தன் கையாலேயே ஒரு நரம்பின் வேலையைத் தொட்டறியும் இடமே நல்ல கல்லூரி என்பது என் திடமான அபிப்பிராயம். அதை விளக்க, வாசகரை ஒரு புழுவிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் அப்புழு ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ளது. ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. மண்ணிலும் மக்கிய உரத்திலும் பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. உலகெங்கும் ஆய்வகங்களில் இன்று வளர்க்கப்படும் மூல இனமே இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே காளான் வளர்ப்பு உரத்திலிருந்து எடுத்ததுதான். தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்த சிட்னி பிரென்னர், 1960களில் கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டு, நரம்பு மண்டலம் முழுவதையும் எண்ணிவிடக்கூடிய ஒரு பிராணி வேண்டுமெனத் தேடி இதனைத் தேர்ந்தெடுத்தார். அவரும் ஜான் ஒயிட் முதலிய சகாக்களும், புழுவை மெல்லிய சீவல்களாக அரிந்து, மின்னணு நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் படமெடுத்து, எந்த நரம்பணு எதனோடு இணைகிறது என்று பல ஆண்டுகள் கைப்படத் தேடி, 1986இல் வெளியிட்ட விவரத்தின்படி, அதன் இருபால் வடிவில் உள்ள நரம்பணுக்கள் 302. ஏறத்தாழ அல்ல, சுமார் அல்ல; சரியாக 302.

இந்த எண்ணை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த ஒரே புழுவின்மேல் நடந்த ஆராய்ச்சிக்காக 2002இல் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும், 2006இல் ஃபயர், மெல்லோ இருவருக்கும், 2024இல் ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் வைத்தியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது; இதன் தொடுவுணர்வு நரம்புகளைப் பச்சையாக ஒளிரச் செய்து காட்டிய மார்ட்டின் சால்ஃபி 2008இல் ரசாயனப் பரிசில் பங்கு பெற்றார். மண்ணிலே நெளியும் ஒரு மில்லிமீட்டர் ஜீவனுக்கு நான்கு நோபல் பரிசுகள்! விலையுயர்ந்த கருவிகள் பின்னால் வந்தன. முதலில் வந்தது, எளிய பிராணியைத் தேர்ந்து பொறுமையுடன் நோக்கும் புத்தி.

அந்தப் புத்தியை ஊட்டுவதற்கான பாடம் ஒரு மேஜைக்குள் அடங்குகிறது. கண்ணாடித் தட்டில் அகர் கூழ், அதன்மேல் பாக்டீரியாப் பூச்சு, மேலே புழுக்கள், ஒரு சாதாரண இருகண் நுண்ணோக்கி. இவற்றோடு பல்குத்தும் குச்சியின் முனையில் ஒட்டிய ஒற்றைப் புருவ மயிர். இது என் கற்பனையன்று. புகழ்பெற்ற ஆய்வகங்களிலும் இன்றளவும் வழங்கும் கருவி அதுவே. மயிரால் தலைப்புறம் வருடினால் புழு பின்வாங்கும். வால்புறம் வருடினால் முன்னோக்கி விரையும். மென்மையான அந்தத் தொடுகையை உணர்பவை ஆறே ஆறு நரம்பணுக்கள். மரபணு மாறுதல் அடைந்த சில புழுக்கள் வருடலைச் சிறிதும் அறிவதில்லை. ஆயினும் மெல்லிய கம்பியால் அழுத்திக் குத்தினால் விலகி ஓடுகின்றன. மென்தொடுகைக்கு ஒரு வழியும் வன்தொடுகைக்கு வேறொரு வழியும் நரம்பில் உண்டென்று, பதினெட்டு வயது மாணவி அந்தக் கணத்தில் தானே கண்டுகொள்கிறாள். 8,600 கோடியைப் பற்றி அச்சிட்ட எந்தக் கையேடும் இதனைத் தராது. நம் ஊரில் இதற்கு வேண்டிய பெரிய செலவு, கத்திரி வெயிலிலும் புழுக்களை 20 பாகையில் காக்கும் ஒரு குளிர்ப்பெட்டி, அவ்வளவே.

‘இவையெல்லாம் கேம்பிரிட்ஜில் நடக்கும், மதுரையில் நடக்குமா?’ என்று கேட்பவர்க்குச் சொல்கிறேன்: மதுரையிலேயே நடந்தது. ஜெர்மனியில் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றுத் திரும்பிய எம்.கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, குகைகளில் வாழும் வௌவால்களைக்கொண்டு உயிர்களுக்குள் இயங்கும் காலக் கணக்கை ஆராய்ந்தார். வெளிச்சமே புகாத குகையின் ஆழத்தில், வெளியே செல்ல முடியாதபடி கூண்டில் அடைத்த ஒரு வௌவால், பகலிரவு காணாவிட்டாலும், கூட்டத்தார் அந்தியில் பறந்து விடியலில் திரும்பும் ஆரவாரத்தைக்கொண்டே தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது என்றும், கூட்டத்திலிருந்து பிரித்து வேறு குகையில் வைத்தால் அக்கடிகாரம் தன்போக்கில் நழுவிச் செல்கிறது என்றும், அவரும் ஜி. மாரிமுத்து முதலிய அவருடைய மாணவர்களும் 1981இல் வெளியிட்டார்கள். கடிகாரமும் செய்தித்தாளும் சூரியனும் இல்லாத அறையில் மனிதர்களைப் பல நாள் தங்கவைத்து அவர்களுடைய உறக்கத்தை அளக்கும் வசதியும் அங்கே இருந்தது. சர்வதேச மதிப்புப் பெற்ற இத்தனையும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், அரசுப் பணத்தில், நாகமலைப் பக்கத்தில் நடந்தவை. அங்கே பயின்றவர்களின் தகப்பன்மார் எவரும் அதற்காக வீட்டை விற்றிருக்கமாட்டார்கள்.

அதே பல்கலைக்கழகம் அண்மை ஆண்டுகளில் ஊழியர் சம்பளத்துக்கே தத்தளித்தது என்பதைப் பத்திரிகை வாசகர் அறிவார். அது தானாக வந்த விபத்தன்று. நம் ஆட்சியாளர்கள், கட்சி பேதமின்றி, பொதுக் கல்வி நிலையங்களைப் பட்டினி போட்டுவிட்டு, அவை மெலிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியே தனியாருக்குக் கதவு திறக்கிறார்கள். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரோடு வேலை செய்யும் முனைவர் பட்டதாரிக்கு மாதத் தொகுப்பூதியம் 25,000 ரூபாய். அவரிடம் படித்துத் தேறிப்போகும் மாணவன் இளநிலை ஆராய்ச்சியாளனாகச் சேர்ந்த முதல் மாதமே பெறுவது 37,000 ரூபாய். மாணவனின் உதவித்தொகையைவிட ஆசிரியரின் ஊதியம் குறைவாயிருக்கும் தேசத்தில், கல்லூரிகளுக்கு நவீன சாஸ்திரம் வரவில்லை என்று குறை சொல்ல யாருக்கு வாயுண்டு? விலங்கியல் வகுப்பில் தவளையை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தியது ஜீவகாருண்யத்துக்கு உகந்ததே. ஆனால் அந்த மேஜைமேல் புழுவையோ பழ ஈயையோ கொண்டுவந்து வைக்க ஒருவரும் முனையாததால், பல கல்லூரிகளில் இன்று மாணவன் நரம்பை அறிவது சுவரில் தொங்கும் விளக்கப் படத்தில்தான்.

மசோதாவின் ஆதரவாளர்கள் சொல்லும் மறுமொழிகள் நெடுநேரம் நிற்கக்கூடியவை அல்ல. போட்டி பெருகினால் கட்டணம் குறையும் என்கிறார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பெருகியதால் மருத்துவப் படிப்பின் கட்டணம் குறைந்ததா? பாடத்திட்டத்தை மாற்றச் சுதந்திரம் வேண்டும் என்கிறார்கள்; தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அந்தச் சுதந்திரம் ஏற்கெனவே இருக்கிறது. அரசிடம் பணமில்லை என்கிறார்கள். நான் கேட்பது ஒரு குளிர்ப்பெட்டியும் நுண்ணோக்கிகளும் நிரந்தர ஆசிரியரும்தான். 1840இல் தோன்றிய மாநிலக் கல்லூரியையும், 1844இல் தோன்றிய திருச்சி வளனார் கல்லூரியையும், 1881இல் தோன்றிய மதுரை அமெரிக்கன் கல்லூரியையும் போன்ற ஸ்தாபனங்கள் ஏழைப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய சரித்திரம் உடையவை. மக்கள் வரிப்பணத்தால் வளர்ந்த உதவி பெறும் கல்லூரிகளைக் கட்டணம் வசூலிக்கும் தனியார் ஸ்தாபனங்களாக மாற அனுமதிப்பது கல்விச் சீர்திருத்தம் ஆகாது. பொதுச் சொத்தைக் கைமாற்றுவதே ஆகும்.

கல்லூரி தேடும் பெற்றோர்க்கு நான் சொல்வது இதுதான். கையேட்டை மூடிவைத்துவிட்டு, கல்லூரிக்கு நேரில் போய் நான்கு கேள்விகள் கேளுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் நுண்ணோக்கியைத் தம் கையால் இயக்குகிறாரா? துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? கடந்த ஆண்டுகளில் ஜாம், ஜேகீபில்ஸ், நெட் தேர்வுகளில் தேறியவர் உண்டா? இந்திய அறிவியல் அகாடமிகள் தரும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகையில் எவரேனும் போயிருக்கிறார்களா? இக்கேள்விகளுக்குத் திருப்தியான பதில் தரும் கல்லூரி உங்கள் ஜில்லாவிலேயே, பயிற்றுக் கட்டணமில்லாத அரசுக் கல்லூரியாகவே இருக்கக்கூடும். அதன் பலகையில் விலங்கியல் என்றோ பௌதிகம் என்றோ எழுதியிருந்தாலும் தயங்காமல் சேருங்கள்.

அரசுக்குச் சொல்வது வேறு. மசோதாவை மறுபரிசீலிப்பது போதாது. அதனை அறவே கைவிட வேண்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் குறைந்தபட்சம் ஓர் அரசுக் கல்லூரியில் நரம்பறிவியல் ஆய்வகம் ஒன்றும், அதற்கு முழு ஊதியம் பெறும் இரு ஆசிரியர்களும் அமையும்வரை, தமிழ்நாட்டில் இனி ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கும் அனுமதி வழங்கலாகாது. இதனைச் செய்தால், இன்னும் பதினைந்தே ஆண்டுகளில் பாரதத்தின் மூளை ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்பவர்கள் நம் அரசுக் கல்லூரிகளில் படித்த பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். செய்யத் தவறினால், அந்தச் சாஸ்திரம் பணம் படைத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாகிவிடும், அதற்குரிய முழுப் பொறுப்பும் இன்று சட்டசபையில் அமர்ந்திருப்பவர்களையே சாரும்.