பாடகரோடு பாவலரையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

டி. எம். சௌந்தரராஜனின் குரலால் உலகறிந்த ‘கற்பகவல்லி’ பாடலை நவராத்திரி மேடைகளில் அறிவிப்போர், அதை இயற்றிய யாழ்ப்பாணத்து இணுவில் ந. வீரமணி ஐயரின் (1931–2003) பெயரை விட்டுவிடுவது வருந்தத்தக்கது. மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மீது அவர் புனைந்த அப்பாடல், சரணந்தோறும் இராகம் மாறும் இராகமாலிகையாக அமைந்ததோடு, ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்னும் இராகப் பெயர்களையே அம்பிகையை அழைக்கும் விளிகளாக்கி, இராகமுத்திரை எனப்படும் அவ்வுத்தியை வலிந்து புகுத்திய சுவடின்றிப் பக்தியில் கரைத்துவிடுகிறது. கோயில் வீதி ஒலிபெருக்கியில் அதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் பலர், அது தம் மண்ணின் புலவரது ஆக்கம் என்பதை அறியாதிருப்பதை நான் நேரிற் கண்டுள்ளேன். ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆலயங்களும் பாடசாலைகளும் தத்தம் நிகழ்ச்சி நிரல்களில் பாடலாசிரியர் பெயரையும் தவறாது அச்சிடுவதை வழக்கமாக்க வேண்டும்.

இவ்வண்ணம்,
வாசகர், யாழ்ப்பாணம்