வாழைக் கன்றும் எலிசா பரிசோதனையும்

வாழைக்கு நேரும் பிணிகளுள் முடிக்கொத்து நோயைப் போல் குடியானவரை ஏமாற்றுவது வேறொன்றில்லை. நோய் கண்ட வாழையின் இலைகள் குறுகி, விறைத்து நிமிர்ந்து, உச்சியிற் கொத்தாகக் கூடும். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் காணும். மரம் பெரும்பாலும் குலை தள்ளாது. ஆயினும் இக்குறிகள் வெளிப்படுமுன் சில வாரங்கள் வைரஸ் செடியினுள் மறைந்திருக்கும். அந்நிலையில் எடுக்கப்படும் கன்று பார்வைக்குச் செழுமையாகவே தோன்றும். அதனை வாங்கி நடுபவர் நோயையும் விலை கொடுத்து வாங்கியவராகிறார்.

இலங்கையிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இந்நோய் 1940-ஆம் ஆண்டில் கோட்டயம் பகுதியில் காணப்பட்டது. பிற்காலத்தில் கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழைத் தோட்டங்களுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. பழனிப் பஞ்சாமிர்தத்திற்குரிய அம்மலைப்பழம் அருகியதற்கு இந்நோய் ஒரு முக்கிய காரணமாகும்.

கண்ணுக்குப் புலப்படாத வைரஸை அறியும் வழிகளுள் ஒன்று எலிசா என்னும் பரிசோதனை. இதனை 1971-இல் ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மன் என்போர் வெளியிட்டனர். 1977-இல் இங்கிலாந்தில் கிளார்க், ஆடம்ஸ் என்போர் பயிர் வைரஸ்களுக்கு ஏற்றதாக்கினர். ஒரு தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். குறித்த வைரஸை மட்டும் பற்றக்கூடிய எதிர்ப்பொருளைக் குழியிற் படியச் செய்து, இலைச்சாற்றை ஊற்றுவர். வைரஸ் இருப்பின் அது அங்கே ஒட்டிக்கொள்ளும். கழுவியபின், நொதி இணைத்த எதிர்ப்பொருளை இடுவர்; அது வைரஸின் மேற் பற்றும். மீண்டும் கழுவி, அந்நொதிக்குரிய நிறமற்ற இரசாயனத்தைச் சேர்த்தால், நோயுள்ள சாறு மஞ்சளாகும். நோயற்றது நிறம் மாறாது.

திசு வளர்ப்புக் கன்றுகளுக்கென 2006-இல் ஏற்பட்ட தேசியச் சான்றளிப்பு முறையில் வைரஸ் பரிசோதனை ஓர் இன்றியமையாத அங்கம். இது மிகவும் போற்றத்தக்கது. ஆனால் அண்டைத் தோட்டத்திற் கிழங்குக் கன்று பெயர்த்து நடும் எளிய குடியானவருக்கு இத்தகைய காப்பு எங்கே? நோயால் மிகுதியும் நஷ்டமடைபவர் அவரே. ஆதலின் கன்று விற்போர் தம் தாய்மரங்களைப் பரிசோதித்த பின்னரே விற்கும் வழக்கம் ஊர்தோறும் வேரூன்ற வேண்டும்.

செலவு மிகும் என்பர் சிலர். ஒரு தட்டில் பல மரங்களின் சாற்றை ஒருங்கே சோதிக்கலாம். ஒரு தாய்மரத்தின் சோதனை அதன் கன்றுகள் அனைத்திற்கும் பயன்படும். ஊரார் ஒன்றுகூடி இலைகளை அனுப்பினால் ஒருவருக்கு நேரும் செலவு சிறிதே. நோயுற்ற தோட்டத்தை அழித்து மறுபடி நடும் செலவோ பெரிது.

பரிசோதனை ஒன்றே போதுமென்று இருத்தலும் தவறு. வைரஸ் மிகக் குறைவாயிருக்கும்போது எலிசா அதனைக் காட்டாது போகலாம். ஆதலின் தாய்மரத்தைக் காலம் விட்டு மீண்டும் சோதித்தல் நலம். தூய கன்றும் அசுவினிப் பூச்சியால் பின்னர் நோயுறும். எனவே நோய் கண்ட மரத்தை, அசுவினியைக் கொன்றபின், கிழங்கோடு அகழ்ந்து அழிக்க வேண்டும். அயலார் தோட்டத்தில் ஒரு மரம் நோயுடன் நிற்கும்வரை ஊரில் எவர் தோட்டத்திற்கும் காப்பில்லை.

விதை நெல்லைத் தேர்ந்து எடுக்கும் கவனம் வாழைக் கன்றிற்கும் வேண்டும். கன்று வாங்குவோர் விலையைக் கேட்குமுன், தாய்மரம் சோதிக்கப்பட்டதா என்று கேட்பாராக.