சிங்கம் தின்ற சாக்லேட்

கொடைக்கானல் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புகிற ஆணுக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் போகப் போகத் தெரியும். அதனால்தான் போன டிசம்பரில் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது, போன அன்றைக்கே அரை கிலோ ஹோம்மேட் சாக்லேட் வாங்கிப் பையில் பத்திரப்படுத்தினேன். கறுப்பு சாக்லேட். என் சம்சாரத்துக்குக் கசந்தால்தான் பிடிக்கும். (என்னைக் கட்டிக்கொண்டதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.)

பெரியப்பா வீடு செண்பகனூரில். கொடைக்கானலுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கிவிட வேண்டும். ரிட்டயரானவர், பெரியம்மா, பதிமூன்று வயசு நாய் மணி, மீனாட்சி என்கிற பூனை, புதிதாக வந்த மூன்று மாசக் குட்டி. இவ்வளவுதான் குடும்பம். குட்டிக்கு நாலு கிலோ எடை. பெயர் சிங்கம்.

ராத்திரி ஏழு மணி, நல்ல பனி. நான் கம்பளிக்குள் உட்கார்ந்து ஒரு துண்டு சாக்லேட்டை வாயில் போட்டேன். சிங்கம் எதிரே வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு எந்த மேனேஜராக இருந்தாலும் லீவு சாங்ஷன் பண்ணிவிடுவார். ஒரு துண்டு கொடுத்தேன். வாலை ஆட்டியது. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று...

காப்பியோடு உள்ளே வந்த பெரியப்பா தரையில் கிடந்த காகிதங்களைப் பார்த்தார்.

“டேய், யாரு தின்னா இதை?”

“நானும் சிங்கமும்தான் பெரியப்பா.”

“அட படுபாவி! பாலா, கறுப்பா?”

இந்தக் கேள்விக்கு அர்த்தம் எனக்கு ஜீப்பில்தான் புரிந்தது. பெரியம்மா உப்புத் தண்ணி கரைத்துக்கொண்டு ஓடி வந்தாள், வாந்தி எடுக்க வைக்க. பெரியப்பா அதற்குள் போனில் கால்நடை டாக்டரைப் பிடித்துவிட்டார். “உப்பு மட்டும் கொடுத்துடாதீங்க, ரத்தத்துல உப்பு ஏறிட்டா அதுவே ஆளைத் தூக்கிடும். உடனே கிளம்பி வாங்க” என்றார் டாக்டர். பக்கத்து வீட்டு ஜீப், ஐந்தடிக்கு முன்னால் ரோடு தெரியாத பனி. மடியில் சிங்கம் என் சட்டைப் பித்தானைக் கடித்துக்கொண்டு ஜாலியாக வந்தது. பயம் எல்லாம் எனக்குத்தான்.

டாக்டர் முதலில் கேட்டது எத்தனை கிராம் என்று. பி.காம். படித்தவன் அல்லவா, மிச்சத்தை எடை போட்டுக் கழித்து, என் பங்கையும் கழித்து, நாற்பது கிராம் என்றேன். அவர் மனக்கணக்காகவே போட்டார். சாக்லேட்டில் தியோப்ரோமின் என்று ஒரு சரக்கு. கறுப்பில் கிராமுக்கு சுமார் 5 மில்லிகிராம். ஆக மொத்தம் 200. நாலு கிலோ குட்டிக்கு, கிலோவுக்கு 50. இருபது வந்தாலே வாந்தி, பேதி. நாற்பது, ஐம்பதில் இதயம் தாறுமாறாக அடிக்கும். அறுபதைத் தாண்டினால் வலிப்பு. மாற்று மருந்து கிடையாது.

நாம் கிலோ கணக்கில் தின்கிறோமே என்றால், நம் உடம்பு அதைச் சீக்கிரம் பைசல் பண்ணிவிடுகிறது. நாய்க்கு அதில் பாதி போகவே பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதாம். கொள்முதல் அதே, விற்பனை மந்தம். குடோன் நிரம்பாமல் என்ன செய்யும்?

வாந்திக்கு ஊசி போட்டார். என் சம்சாரத்தின் சாக்லேட் முக்கால்வாசி வெளியே வந்தது. அப்புறம் கரி மருந்து. “விடிய விடிய நெஞ்சுல கையை வெச்சுப் பார்த்துட்டே இருங்க” என்றார். பார்த்தேன். அந்தத் துளி நெஞ்சு படபடவென்று டைப்ரைட்டர் மாதிரி அடித்தது. இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு, நாலு மணிக்கு... இனி எந்த ஜீவனுக்கும் கேட்காமல் எதுவும் கொடுப்பதில்லை என்று பழனியாண்டவருக்கு எத்தனை தடவை எழுதிக் கொடுத்தேன் என்று கணக்கில்லை. ஐந்தரைக்கு அது என் விரலைக் கடித்தது. பெரியப்பா, “பொழைச்சுட்டான்” என்றார்.

மறுநாள் டாக்டர் வீட்டுக்கே வந்தார். வந்த மனுஷரை விடுவேனா? நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

குட்டிக்கு வயிறு சின்னது, தேவை பெரிசு. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் வளர்ந்த நாயைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். நாலு மாசம் வரைக்கும் மூன்று, நாலு வேளை. ஆறு மாசம் வரை மூன்று. அப்புறம் இரண்டு போதும். நம் ஆட்கள் ஆசையாகச் செய்கிற தப்பு கால்சியம் டானிக். குட்டியின் குடலுக்கு ‘போதும்’ என்று சொல்லத் தெரியாது. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பெரிய ஜாதிக் குட்டியாக இருந்தால் எலும்பு கோணிக்கொள்ளும். பாக்கெட் தீனியில் ஏற்கெனவே கால்சியம் இருக்கிறது. அதன் மேல் டானிக் ஊற்றுவது, ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் கட்டுகிற மாதிரி.

பெரியம்மாவுக்கு ஒரு சந்தேகம். “சோறு போடலாமா, கூடாதா?” போடலாமாம். ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கிற ஒரு மரபணு இரண்டே பிரதிதான், நாய்க்கு நாலிலிருந்து முப்பது வரை இருக்கிறது என்று 2013-ல் ஸ்வீடன்காரர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். மனுஷனோடு சேர்ந்த தோஷம்! ஆனால் சோறு மட்டும் போதாது. முட்டை, கறி, மீன் ஏதாவது சேர வேண்டும்.

கூடாதவை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதும் பெரியம்மா முகம் மாறியது. வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டே ஆனாலும்! பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்கு டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று சந்தேகப்பட்டு அமெரிக்காவில் தேடியபோது, அதே அமிலமுள்ள புளியும் மாட்டியது. புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானதாக 2022-ல் எழுதியிருக்கிறார்கள்.

“எங்க ஊர்ல நாயெல்லாம் புளிக்குழம்பு சோத்துலதான் வளர்ந்துச்சு” என்றார் பெரியப்பா.

“வளர்ந்ததை நீங்க பார்த்தீங்க சார். செத்ததை யாரு எண்ணினா?” என்றார் டாக்டர். எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் கேட்டிருந்தால் எழுந்து கை கொடுத்திருப்பார்.

மீனாட்சி கதை வேறு. பெரியம்மா அதற்குப் பால் சோறு போட்டு சைவப் பூனையாக்க ஆறு வருஷமாக முயற்சி செய்கிறாள். அது எலி பிடித்துத் தன் பாட்டைப் பார்த்துக்கொள்கிறது. நல்லவேளை! டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் போதுமான அளவு தயாரிக்க முடியாது. கறியிலோ மீனிலோதான் வர வேண்டும். அது குறைந்தால் கண் போகும். இதயமும் வீங்கித் தளரும் என்று 1987-ல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்த பிறகுதான் பாக்கெட் தீனிக்காரர்களே அதைக் கூட்டினார்கள். டாரின் தண்ணீரில் கரையும். ஆகவே மீன் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். பால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. இத்தனை காலம் நம் சினிமாவில் பூனைக்குப் பால் கிண்ணம் வைத்த டைரக்டர்கள் மன்னிக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் டாக்டர் மணியைப் பார்த்தார். வாயைத் திறந்து முகர்ந்தார். ரொம்பத் தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்டார். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாளில் ரிசல்ட் வந்தது. சிறுநீரகம்.

வயசான நாய் என்றதும் கறியைக் குறைக்கக் கூடாதாம். கொழுப்பைத்தான் குறைக்க வேண்டும். சதை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும். சிறுநீரகம் போனால் மட்டும் வேறு கணக்கு. பாஸ்பரஸ் குறைய வேண்டும், எலும்பு அறவே கூடாது. (வெந்த எலும்பு எந்த வயசிலும் கூடாது, சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும்.) முட்டை வெள்ளைக்கரு, குழைந்த சோறு, வாசனை வருகிற அளவுக்கு லேசாகச் சூடு பண்ணி, கொஞ்சம் கொஞ்சமாக.

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. பதிமூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை அவர் இலையில் மட்டன், பக்கத்தில் மணிக்கு எலும்பு. அவர் ஒரு வாய், அது ஒரு கடி. மத்தியானம் என்னை சேக்ரட் ஹார்ட் கல்லூரி மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். 1895-ல் ஏசு சபைச் சாமியார்கள் ஆரம்பித்தது. பாடம் பண்ணிய மிருகங்கள் வரிசையாக நிற்கின்றன. “இதுங்களுக்குச் சாப்பாட்டுக் கவலையே இல்லை, பார்த்தியா?” என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பினேன். “அரை கிலோ வாங்கினேன்னு சொன்னீங்களே?” என்று பையைக் கவிழ்த்துப் பார்த்த சம்சாரத்திடம் முழுக்கதையும் சொன்னேன். சண்டை போடவில்லை. “குட்டி நல்லா இருக்குல்ல?” என்றுதான் கேட்டாள்.

சிங்கம் இப்போது பதினெட்டு கிலோ. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மாவுக்குப் போன் செய்கிறேன்.

“மணி சாப்பிட்டுச்சா பெரியம்மா?”

“பாதி சாப்பிட்டான்.”

“பெரியப்பா?”

“அவரு ஞாயித்துக்கிழமை கறியை விட்டு அஞ்சு மாசம் ஆகுதுப்பா. இவன் பார்த்துட்டு உக்காந்திருப்பானாம். தயிர்சோறு போட்டிருக்கேன். அதுலயும் பாதிதான்.”