தாழ்ப்பாளுக்கு அப்பால்

பயத்தை விலை கொடுத்து வாங்கும் பிராணி இவ்வுலகில் மனிதன் ஒருவன்தான். இரவில் கொல்லைப்புறம் போவதற்குத் துணை தேடும் மனிதர், டிக்கட்டு வாங்கிக் கொண்டு சினிமாக் கொட்டகையின் இருட்டிலே போய் உட்காருகிறார். "இன்னும் கொஞ்சம் பயமுறுத்த மாட்டார்களா?" என்று ஏங்குகிறார். பயம் போதாவிட்டால், "படம் சுகமில்லை" என்று குறைப்பட்டுக் கொண்டு வீடு திரும்புகிறார். இந்த விசித்திர வியாபாரத்தில் விற்பனையாகும் சரக்குகள் என்னென்ன என்று நாமும் ஒரு நாள் கணக்கெடுத்துப் பார்த்தோம்.

பாழடைந்த மாளிகை ஒன்று, நடுநிசி, திடீரென்று அணையும் விளக்கு, தூரத்தில் ஊளையிடும் நாய், ஊரார் தடுத்தும் கேளாமல் அங்கே குடிவரும் இளந் தம்பதிகள், எல்லாம் தெரிந்திருந்தும் எதையும் சொல்லாத ஒரு கிழ வேலைக்காரன். இவற்றில் எதை நீக்கினாலும் கதை ஒருவாறு பிழைத்துக் கொள்ளும். ஆனால், ஒன்றை மட்டும் நீக்குவது எளிதல்ல. அது பேய்கூட அல்ல, நேயர்களே! அது மூடிய கதவு.

இந்தக் கதவு மிகப் பழமையானது. 1697-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான பெரோ வெளியிட்ட கதைத் தொகுதியில் நீலத்தாடி என்னும் பிரபுவின் கதை வருகிறது. அவன் தன் புது மனைவியிடம் வீட்டுச் சாவிகள் யாவற்றையும் கொடுத்து, ஒரே ஒரு சிறு அறையை மட்டும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பிரயாணம் போகிறான். அவள் திறக்கிறாள். உள்ளே அவனுடைய முந்தைய மனைவிமாரின் பிணங்கள் கிடக்கின்றன. கை நழுவிய சாவியில் இரத்தக்கறை ஒட்டிக் கொள்கிறது. எவ்வளவு தேய்த்தும் கறை போகவில்லை.

இங்கிலாந்தில் டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸ் என்பவர் 1902-ல் வெளியிட்ட "குரங்கின் பாதம்" என்ற சிறுகதையிலும் கதவே பிரதானம். உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்று மூன்று வரங்கள் தர வல்லது. ஒரு வீட்டார் இருநூறு பவுன் கேட்கிறார்கள். மறுநாள் அவர்கள் மகன் தொழிற்சாலை யந்திரத்தில் சிக்கி இறந்து போகிறான். நஷ்ட ஈடாக வருவது அதே இருநூறு பவுன்! புத்திர சோகம் தாங்காத தாய், மகன் உயிரோடு வர வேண்டும் என்று இரண்டாவது வரத்தைக் கேட்கச் செய்கிறாள். அன்றிரவு கதவு தட்டப்படுகிறது. மேல் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிறாள். தகப்பனாரோ இருளில் தரையைத் துழாவிப் பாதத்தைக் கண்டெடுத்து மூன்றாவது வரத்தைக் கேட்டு விடுகிறார். கதவு திறக்கும்போது வெளியே வெறும் வீதிதான் இருக்கிறது. வந்து நின்றது எந்தக் கோலத்தில் நின்றது என்று ஆசிரியர் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கதை நம்மை உலுக்குமா என்பது சந்தேகமே.

காரணம் எளிதுதான். கதவு திறந்து பேய் வெளியே வந்து விட்டால் அதன் உயரம் இவ்வளவு, பல் இத்தனை என்று அளந்து விடலாம். அளக்கக் கூடிய பொருளிடம் பயம் நெடுநேரம் நிற்பதில்லை. கதவு மூடியிருக்கும் வரையில் அப்பால் நிற்பதை நாமே படைக்கிறோம். அவரவர் பயத்துக்கு ஏற்ற பேய் அவரவருக்குக் கிடைக்கிறது. ஷர்லி ஜாக்ஸன் 1959-ல் எழுதிய நாவலை ராபர்ட் வைஸ் என்னும் டைரக்டர் 1963-ல் படமாக்கினார். அதில் ஒரு பெரிய மரக் கதவு, வெளியே எதுவோ சாய்ந்து அழுத்துவது போல் உட்புறமாகப் புடைக்கிறது. அவ்வளவுதான், பேயைக் காட்டவேயில்லை. அந்தக் கதவை மறந்தவர்கள் சிலரே.

ஆனால், கதவின் வித்தையை மெச்சி விட்டு நாம் எழுந்து போய்விடலாகாது. கதவுக்கு அப்பால் நிற்பவர் யார், எந்த ஊர் என்றும் விசாரிக்க வேண்டும்.

அந்தக் குரங்கின் பாதம் இங்கிலாந்துக்கு எங்கிருந்து போயிற்று என்று நினைக்கிறீர்கள்? சாக்ஷாத் நமது பாரத பூமியிலிருந்துதான்! ஒரு பக்கிரி மந்திரம் போட்டதாம். பட்டாளத்து மனிதர் ஒருவர் கொண்டு வந்தாராம். இந்த நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாய்ப் போன பொருள்களுக்குக் கணக்குச் சொல்லாதவர்கள், ஒரு குரங்குப் பாதத்துக்கு மட்டும் எவ்வளவு சிரத்தையாய் ஊர் பேர் சொல்கிறார்கள், பாருங்கள்! பிராம் ஸ்டோக்கர் 1897-ல் படைத்த டிராகுலாப் பிரபுவும் லண்டன்காரர் அல்லர். டிரான்ஸில்வேனியாவிலிருந்து கப்பலேறி வருகிறவர். அவர் விஷயத்தில் ஒரு விதி உண்டு. வீட்டார் யாரேனும் ஒருவர் அழைத்தாலன்றி அவர் முதல் தடவை அந்த வீட்டினுள் நுழைய முடியாது. 1757-ல் பிளாசியில் மீர் ஜாபர் செய்த கைங்கரியத்தை அறிந்தவர்களுக்கு இந்த விதி அவ்வளவு புதிதாய்த் தோன்றாது.

வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1993-ல் பாஸில் என்பவர் மலையாளத்தில் "மணிச்சித்திரத்தாழ்" என்ற அருமையான படத்தை எடுத்தார். பூட்டிய அறைதான் அதற்கும் உயிர். அறையில் அடைபட்ட ஆவி தஞ்சாவூர் நாட்டியக்காரியினுடையது. அது பேசுவது தமிழ். அந்தக் கதை 2005-ல் "சந்திரமுகி"யாகத் தமிழுக்கு வந்தபோது, ஆவி தெலுங்கு பேசத் தொடங்கிற்று. 2007-ல் ஹிந்திக்குப் போனபோது வங்காளியாக மாறிற்று. ஆகமொத்தம், எந்தப் பாஷைக்காரரும் பேய்க்குத் தம் சொந்தப் பாஷையைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை!

ஆனால் அந்தக் கதையைச் சற்றே கூர்ந்து கவனியுங்கள். நாட்டியக்காரி வெளியூர்; அவளைக் கொன்றவனோ அந்த வீட்டின் எஜமானன். இன்று பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணுக்கு நேர்ந்திருப்பது மனோ வியாதி. சிறு வயதில் பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த அவளுடைய ஏக்கத்தை யாரும் கேட்டதில்லை. கடைசியில் அதைக் காது கொடுத்துக் கேட்பவர் ஒரு மனோதத்துவ வைத்தியர். பேயின் பாஷை வெளியூர். குற்றம் மட்டும் உள்ளூர். உயர்ந்த பயங்கரக் கதைகள் பலவற்றில் கதவுக்கு அப்பால் கடைசியாக அகப்படுவது இதுதான்.

இதை நம் மனத்தில் ஆணி அடித்தாற்போல் பதிய வைத்த படம் 1943-ல் ஹாலிவுட்டில் வெளிவந்த "சிறுத்தை மனிதன்." தயாரித்தவர் வால் லூட்டன், டைரக்டர் ஜாக் டூர்னர். செலவுக்குப் பணமில்லாத குறையையே கலையாக மாற்றிய கெட்டிக்காரர்கள் இவர்கள். நியூ மெக்ஸிகோவில் ஒரு சிற்றூரில், விளம்பரத்துக்காகக் கொண்டு வந்த கருஞ்சிறுத்தை ஒன்று தப்பி ஓடி விடுகிறது. அன்றிரவு ஒரு தாய், தன் மகளை மக்காச்சோள மாவு வாங்கி வர அனுப்புகிறாள். பெண் பயமென்கிறாள், தாய் அதை நம்பாமல் வெளியே தள்ளிக் கதவைத் தாழிடுகிறாள். பெண் இருட்டில் போய் மாவு வாங்கித் திரும்பும் வழியில் சிறுத்தையைக் காண்கிறாள். ஓடி வந்து கதவைத் தட்டி அலறுகிறாள். பாசாங்கு என்று தாய் முதலில் அசட்டையாயிருக்கிறாள். பிறகு அலறலின் தொனி மாறுகிறது. தாய் பதறிப் போய்க் கதவைத் திறக்க முயலுகிறாள். அதற்குள் கதவின் அடியிலே இரத்தம் மெல்ல வழிந்து வருகிறது.

சிறுத்தையின் ஒரு நகத்தைக்கூட அங்கே காட்டவில்லை. ஆயினும் நம்மை நடுங்கச் செய்வது சிறுத்தை அல்ல. "பயமாயிருக்கிறது" என்று குழந்தை சொன்னதை வீட்டார் கேட்கவில்லையே என்பதுதான் நடுக்கம். பிறகு அவ்வூரில் மேலும் கொலைகள் நடக்கின்றன. ஊரார் எல்லாவற்றையும் சிறுத்தையின் தலையில் ஏற்றுகிறார்கள். முடிவில் அகப்படும் கொலையாளியோ உள்ளூர்ப் பொருட்காட்சி சாலையைப் பராமரித்து வந்த படித்த மனிதர்!

இது வெறும் சினிமா விஷயமாயிருந்தால் நாம் இத்தனை பத்திகள் எழுதியிருக்க மாட்டோம். நம் வீடுகளிலும் சோறு ஊட்டும் வேளையில் பூச்சாண்டியைக் கூப்பிடுகிறோம். அடம் பிடித்தால் பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிடுவான் என்கிறோம். அவன் கோணி சுமந்த அந்நியன், வெளியூர்க்காரன், ஏழை. இப்படிக் கதையில் பழகிய பயம் கதையோடு நின்று விடுவதில்லை. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாகக் கைபேசிகளில் ஒரு புரளி பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் தம் குலதெய்வக் கோவிலைத் தேடி வந்த முதிய பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. அடித்தவர்கள் யாரும் பேய்கள் அல்லர். குழந்தைகளின் மேல் அன்புள்ளவர்கள் என்றே தங்களைக் கருதியிருப்பார்கள்.

ஆகையால், பேய்க் கதைகளைப் படிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தாராளமாய்ப் படியுங்கள்; படங்களையும் பாருங்கள். ஆனால், பேய் எந்த ஊரிலிருந்து வந்ததாகக் கதை சொல்லுகிறது, குற்றம் யாருடையது என்ற இரண்டு கேள்விகளையும் கூடவே கேட்டுக் கொள்ளுங்கள். பாரதியார் தமது புதிய ஆத்திசூடியில் முதலாவதாக வைத்தது அச்சத்தை விலக்குவதைத்தான். அச்சத்தை விலக்குவதென்றால், அஞ்சுகிற குழந்தையைப் பரிகசித்து இருட்டில் அனுப்புவதல்ல. அது எதற்கு அஞ்சுகிறது என்று கேட்பது.

இன்றிரவு உங்கள் வீட்டுக் குழந்தை தூக்கம் கலைந்து எழுந்து வந்து உங்கள் அறைக் கதவைத் தட்டினால், "போய்ப் படு, ஒன்றுமில்லை!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்காதீர்கள். எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்குங்கள். அது சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டுப் பிறகு தூங்கப் பண்ணுங்கள்.