வெள்ளை அரிசியும் சிவப்புச் சீனியும்

கமக்காரன் தன் வயலில் விளைந்த நெல்லை ஆலைக்குக் கொண்டு செல்லும்போது, அரிசி பளிச்சென்று வெண்மையாக வருதல் வேண்டும் என்றே பெரும்பாலும் விரும்புகின்றான். விருந்தினருக்கு வெள்ளைச் சோறு படைப்பதே மதிப்பு என்னும் எண்ணம் பல இல்லங்களில் வேரூன்றியுள்ளது. ஆயின், அதே இல்லத்தார் கடையிற் சீனி வாங்கும்போது, வெள்ளைச் சீனியை ஒதுக்கிச் சிவப்புச் சீனியே உடலுக்கு உகந்தது என்று கூறி அதனைப் பெறுகின்றனர். அரிசியின் நிறத்தை நீக்குவதற்கு முயற்சி; சீனியின் நிறத்தைப் பெறுவதற்கும் முயற்சி. உடல்நலத்தின் பொருட்டுச் செய்யப்படும் இத்தெரிவு தலைகீழானது என்பதைக் கமக்காரர் உணர்தல் வேண்டும்.

முதலில் இரண்டு பொருள்களையும் ஒப்பிட்டு நோக்குவோர், அவை தரும் சத்தியில் பெரும் வேறுபாடு இல்லை என்பதைக் காண்பர். சமைக்காத வெள்ளை அரிசி 100 கிராம் ஏறத்தாழ 360 கலோரியைத் தரும். சிவப்புச் சீனி 100 கிராம் ஏறத்தாழ 380 கலோரியைத் தரும். ஆனால் அவ்வரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. சீனியிலோ புரதம் இல்லையென்றே கூறலாம். நார்ப்பொருளும் அதில் இல்லை. எனவே நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியும் உணவு என்னும் பெயருக்கு உரியது. சிவப்புச் சீனி இனிப்பு மாத்திரமே.

சிவப்புச் சீனியின் நிறம் எங்கிருந்து வருகின்றது? கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சீனியாக்கும்போது எஞ்சும் கருநிறப் பாகு, சீனி மணிகளைச் சுற்றி மெல்லிய படலமாக ஒட்டியிருக்கின்றது. பெல்வத்தை, செவனகல ஆகிய இடங்களிலுள்ள ஆலைகளிற் செய்யப்படும் சிவப்புச் சீனியின் நிறமும் இப்பாகினாலேயே அமைகின்றது. அப்பாகில் கல்சியம், இரும்பு முதலிய தாதுப் பொருள்கள் உண்டு என்பது உண்மையே. ஆயின் அவற்றின் அளவு யாது? பொதுவாக 100 கிராம் சிவப்புச் சீனியில் 80 மில்லிகிராம் அளவு கல்சியம் காணப்படும். ஒரு தேக்கரண்டிச் சீனியில் அது 4 மில்லிகிராம் மாத்திரமே. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் கல்சியத்தை இச்சீனியிலிருந்து பெறுவதாயின், ஒரு கிலோவுக்கு மேல் உண்ணுதல் வேண்டும். இது நடைபெறக் கூடியதன்று, நடைபெறவும் கூடாது.

அரிசியின் நிறமோ வேறு வகையானது. நெல்லின் உமியை நீக்கியவுடன் காணப்படும் தவிட்டுப் படையிலும் முளையிலுமே உயிர்ச்சத்துக்களும் நார்ப்பொருளும் பெரிதும் அடங்கியுள்ளன. தீட்டாத அரிசி 100 கிராமில் உயிர்ச்சத்து பி1 ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் உண்டு. நன்றாகத் தீட்டிய பச்சையரிசியில் அது 0.1 மில்லிகிராமுக்கும் குறைந்துவிடுகின்றது. பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பு நெல்லினங்களும், முற்றாகத் தீட்டப்படின் இவ்விழப்புக்குத் தப்புவதில்லை.

இவ்விழப்பின் விளைவை உலகம் ஒருமுறை கண்டிருக்கின்றது. 1890 ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலே, கிறிஸ்தியான் எய்க்மன் என்னும் மருத்துவ அறிஞர் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். தீட்டிய அரிசிச் சோற்றை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்ததையும், தீட்டாத அரிசியைப் பெற்றபின் அவை நலமடைந்ததையும் அவர் கண்டார். உயிர்ச்சத்துக்களின் கண்டுபிடிப்புக்கு வழிகோலிய இவ்வாராய்ச்சிக்காக 1929 இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அன்று கோழிகளைக் காத்த தவிடு, இன்றும் பல கமக்காரர் இல்லங்களிற் கோழிகளுக்கே செல்கின்றது, பிள்ளைகளுக்குச் செல்வதில்லை.

இதனாற் கமக்காரனுக்குப் பண்ட நட்டமும் உண்டு. 100 கிலோ நெல்லில் உமி ஏறத்தாழ 20 கிலோ. மீதி 80 கிலோவையும் வெண்மையாகத் தீட்டும்போது, மேலும் 8 முதல் 10 கிலோ வரை தவிடாகக் கழிகின்றது. உரமிட்டு, நீர் பாய்ச்சி, களை பிடுங்கி விளைவித்த உணவில் ஒரு பங்கு, நிறத்தின் பொருட்டு இழக்கப்படுகின்றது.

தீட்டாத அரிசி வேக நேரமாகும், மெல்லுதற்குக் கடினம், வண்டு பிடிக்கும் என்று சிலர் குறை கூறுவர். இக்குறைகள் பொய்யல்ல. தவிட்டிலுள்ள எண்ணெய் காரணமாக அவ்வரிசி விரைவிற் சிக்கலடிக்கும். ஆகவே நெல்லாகவே சேமித்து, இரண்டு மூன்று வாரங்களுக்கு வேண்டிய அளவை மாத்திரம் குற்றுவித்தல் நன்று. சமைப்பதற்குச் சில மணி நேரம் முன்பே ஊறவைத்து, ஊறிய நீருடனேயே உலையிலிட்டால் வேகும் நேரம் குறையும். தீட்டாத அரிசியை விரும்பாதோர் புழுங்கலரிசியைக் கொள்ளலாம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசியின் உட்புறம் செல்வதனால், பின்னர் தீட்டினாலும் ஒரு பங்கு எஞ்சி நிற்கின்றது. முன்னோர் கைக்கொண்ட புழுக்கும் முறை அறிவியலுக்கு ஒத்ததே. ஆயின் அரிசியைப் பலமுறை அரித்துக் கழுவுவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் நீரிற் கரையும் இச்சத்தை வீணாக்கும்.

நீரிழிவு உள்ளோர் சிவப்பரிசியை மருந்தென்று கருதி அளவின்றி உண்ணலாகாது, அதுவும் மாப்பொருளே. அவ்வாறே சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியை எடுத்துக்கொண்டாலும் அதன் அளவைக் குறைத்தல் அவசியம். சேர்க்கப்படும் இனிப்பு மொத்தச் சத்தியில் பத்திலொரு பங்கிற்குக் குறைதல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வலியுறுத்தியது. இருபதில் ஒரு பங்கிற்கும் குறைவது மேலும் நன்று. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி அளவாகும். வெள்ளை, சிவப்பு என்ற பேதம் இக்கணக்கில் இல்லை.

ஆகவே கமக்காரர் செய்யத்தக்கவை சில. வீட்டுத் தேவைக்கு ஒதுக்கும் நெல்லை அளவாகத் தீட்டுமாறு ஆலையிற் கேட்டுக்கொள்ளல் வேண்டும். தேநீரிற் சீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அதனால் மிஞ்சும் பணத்திற் பயறோ கௌப்பியோ வாங்கலாம். மரக்கறிச் செய்கையாளர் சந்தைக்கு அனுப்பும் கீரையிலும் தக்காளியிலும் ஒரு பகுதியைத் தம் அடுக்களைக்கு வைத்துக்கொள்ளல் வேண்டும். தவிடுள்ள அரிசியிலும் பருப்பிலும் அடங்கிய இரும்பை உடல் ஏற்பதற்குத் தக்காளி, தேசிக்காய் போன்றவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி துணைபுரியும்.

சீனியின் சிவப்பை விலை கொடுத்து வாங்கி, அரிசியின் சிவப்பை ஆலையில் விட்டுவருதல் சிக்கனமும் ஆகாது, சுகாதாரமும் ஆகாது. காக்கப்பட வேண்டிய நிறம் கமக்காரனின் சொந்த நெல்லிலேயே உள்ளது.