பிரிந்து நின்றார், வரிசையில் வீழ்ந்தார்!

போர்க்கலையில் ஒரு முறையுண்டு. பகைவரின் முழுத்தொகையை நோக்கத் தன் படை சிறிதேயாயினும், அவருள் ஒரு பகுதியாரைத் தாக்குமிடத்துத் தன் படையே பெரிதாயிருக்குமாறு குவித்து, மற்றையோர் வந்து சேருமுன் அப்பகுதியை அழித்து, உடனே அடுத்த பகுதியின்மேற் பாய்தலே அம்முறை. மொத்தக் கணக்கில் தோற்கவேண்டியவன் தனித்தனிக் கணக்கில் வென்றுவிடுகின்றான். அதற்கு வேண்டுவன இரண்டே: அவனிடத்து விரைவு, எதிரிகளிடத்துப் பிரிவு.

ஆங்கிலக் கும்பணி தென்னாட்டை விழுங்கியது இவ்வாறே. 1792-இல் திப்புவை அடக்க மராட்டியரும் ஐதராபாத்து நிசாமும் கும்பணியோடு கூடினர். 1799-இல் நிசாமின் படை மீண்டும் உடன்சென்றது. மராட்டியர் ஒதுங்கி நின்றனர். மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தான். அவ்வாண்டு செப்டம்பரிலேயே கும்பணிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. எட்டையபுரம் கும்பணிக்குத் துணைநின்றது. புதுக்கோட்டைத் தொண்டைமான் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தான். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் அவ்வீரன் தூக்கிலேற்றப்பட்டான்.

ஒதுங்கி நின்ற மராட்டியரேனும் பிழைத்தனரா? 1803-இல் சிந்தியாவும் போன்சுலேயும் கும்பணியிடம் அடிபட்டபோது ஓல்கர் விலகி நின்றான். அடுத்த ஆண்டே அவன் தனித்துப் போரிட நேர்ந்தது.

இச்சூழ்ச்சியை உணர்ந்தோர் நம்மிடை இல்லாமலில்லை. மருதிருவரும் விருப்பாட்சிக் கோபால நாயக்கரும் ஊமைத்துரையும் ஓரணியில் நின்றனர். 1801 சூன் 16-இல் சின்னமருது திருச்சிராப்பள்ளியில் ஒட்டுவித்த அறிக்கை, எல்லாக் குலத்தாரையும் ஒருங்கே எழுமாறு அழைத்தது. ஆயின் அவ்வழைப்பு எழுந்தபோது திப்பு இல்லை; கட்டபொம்மன் இல்லை; பாஞ்சாலங்குறிச்சியும் அவ்வாண்டு மே 24-இல் இரண்டாம் முறை வீழ்ந்திருந்தது. கும்பணியோ சிவகங்கைக்கு வேறொருவரை உரியவராக அறிவித்து, மருதிருவரின் மக்களையே இரண்டாகப் பிளந்தது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர். 1805-இல் தீரன் சின்னமலைக்கும் சங்ககிரியில் அதே முடிவு.

இவருள் எவர்க்கு வீரம் குறைவு? எவருக்கும் இல்லை. ஒருவர் எழுந்தபோது மற்றவர் எழவில்லை. மற்றவர் எழுந்தபோது முன்னவர் இல்லை. குறை அஃதொன்றே. "அடி விழுவது அவனுக்குத்தானே!" என்றிருந்தவன், அடுத்த அடி தனக்கென்பதை எண்ணவில்லை. காலந்தாழ்ந்த ஒற்றுமை, கரை உடைந்தபின் கொட்டும் மண்ணேயாம்.

தமிழர்களே! அண்டை வீட்டில் தீப்பற்றும் பொழுதே குடம் எடுப்பவன்தான் தன் வீட்டைக் காப்பவன். தன் கூரையில் பொறி விழும்வரை காத்திருப்பவனுக்குக் குடமும் உதவாது. கூவி அழைக்க அண்டையாரும் இரார்.